டிப்போ வாசல் கொடிகளின் பூர்வீகம்

அரசு பஸ் ஓட்டும் ஒருவரிடம் சங்கரன்கோவிலில் "நீங்க எந்தச் சங்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலோடு அவருடைய கட்சியும் தெரிந்துவிடும். தொ.மு.ச. என்றால் தி.மு.க. அண்ணா தொழிற்சங்கப் பேரவை என்றால் அ.தி.மு.க. சி.ஐ.டி.யு. மார்க்சிஸ்ட் பக்கம், ஏ.ஐ.டி.யு.சி. இந்தியக் கம்யூனிஸ்ட் பக்கம், ஐ.என்.டி.யு.சி. காங்கிரஸ் பக்கம். பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரரான வைகோ 1994-இல் ம.தி.மு.க.வைத் தொடங்கிய பின் எம்.எல்.எஃப். என்கிற மறுமலர்ச்சி தொழிலாளர் முன்னணியும் வரிசையில் சேர்ந்துகொண்டது. டூட்டி ஒன்று, டிரிப் ஒன்று, மெமோ கொடுக்கும் கிளை மேலாளரும் ஒருவர். கொடி மட்டும் ஏன் இத்தனை நிறம்? எப்போதிலிருந்து இப்படி? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் பழைய செய்திகளையும் சட்டங்களையும் தீர்ப்புகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கையில் அகப்பட்ட தேதி 1974 ஜனவரி 1. அன்றுதான் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. இன்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் அரசு பஸ் "கட்டபொம்மன் பஸ்"தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1972-இல், சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் வரிசையாக வந்திருந்தன. மதுரையில் பெயர்பெற்ற டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியனுக்குள் போயின. ஐம்பதும் அதற்கு மேலும் பஸ் வைத்திருந்த பெரிய முதலாளிகளிடமிருந்து பஸ்களை எடுத்துக்கொள்ள 1971-இல் தமிழக அரசு சட்டமே கொண்டுவந்திருந்தது.

அதே காலத்தில் வேறு என்னென்ன நடந்தது என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தொ.மு.ச. பேரவை தொடங்கியது 1970 மே தினத்தன்று. சி.ஐ.டி.யு. கல்கத்தாவில் உருவானதும் அதே மே மாதம். எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியது 1972 அக்டோபர். ஆக 1970-லிருந்து 1974-க்குள் புதிய சங்கங்கள் வந்தன, ஆளுங்கட்சி உடைந்தது, பஸ் முதலாளியின் இடத்தில் அரசாங்கம் வந்து உட்கார்ந்தது. டிப்போக்கள் பிறந்ததே இந்தப் பிளவுகளின் நடுவில்.

அதுவரை டிரைவர்களிலும் கண்டக்டர்களிலும் பெரும்பாலோர் தனியார் பஸ் முதலாளியிடம் கைகட்டி நின்றவர்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒருநாள் ஓய்வு என்று அது எழுதி வைத்திருந்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு பஸ்ஸை வைத்துப் பிழைத்த முதலாளியிடம் வேலை பார்த்தவருக்குக் கடைசி டிரிப் எப்போது முடிகிறதோ அப்போதுதான் வீடு. குறை சொல்வதானாலும் முதலாளி வீட்டுத் திண்ணையில்தான் சொல்லியாக வேண்டும். கழகம் வந்த பின் அந்தக் குறை சென்னைக்கு, மந்திரியின் மேஜைக்குப் போனது. சம்பளத்தை மந்திரி முடிவு செய்யும்போது, அந்த மந்திரி யார் என்பதைத் தேர்தல் முடிவு செய்யும்போது, சங்கம் அரசியலை விட்டு எப்படி விலகி நிற்கும்? சங்கத்துக்குள் அரசியல் புகுந்து கெடுத்துவிட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கதை இங்கே தொடங்கவில்லை. டிப்போவிலிருந்து ரயில் நிலையத்துக்கு வந்தால் இன்னும் ஐம்பது வருடம் பின்னால் போகலாம்.

விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927-இல் திறக்கப்பட்டது. சங்கரன்கோவிலுக்கு ரயில் வந்தது அப்படித்தான். பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. அடுத்த ஆண்டே, 1928 ஜூலையில், அந்தக் கம்பெனியின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறைகளை மூடிவிட்டுத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் ஒரே பெரிய பட்டறையாக நடத்தக் கம்பெனி முடிவு செய்திருந்தது. அந்தச் சாக்கில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பவும் திட்டம். வேலை தெரியுமா என்று பரீட்சை வைத்து ஆள் குறைப்பதாகச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் பத்து நாள் அளவில் ஒடுக்கப்பட்டது. முன்னால் நின்ற ம. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சதி வழக்கில் சிக்கினார்கள். சிங்காரவேலருக்குப் பத்தாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடிய அதே சிங்காரவேலர்தான். ஊருக்குப் புதிதாக வந்த ரயில் ஒரே வருடத்தில் நின்றுபோன அந்த நாட்களில், சங்கரன்கோவில் பிளாட்பாரத்தில் காத்திருந்தவர்களுக்கு நாகப்பட்டினத்துப் பட்டறைக்காரரின் வயிற்றுப்பாடு முதன்முறையாகத் தன் ஊர்ச் செய்தியாகியிருக்கும். போக்குவரத்துத் தொழிலாளியின் போராட்டத்துக்கு மட்டுமே உள்ள பலம் இது. ஒரு மில் நின்றால் அந்த மில் தெருவுக்குத் தெரியும். ரயிலோ பஸ்ஸோ நின்றால் நூறு ஊருக்குத் தெரியும். அரசாங்கங்கள் இந்தச் சங்கங்களைக் கண்டு அஞ்சியதற்கும், கட்சிகள் விரும்பி அணைத்துக்கொண்டதற்கும் காரணம் அதுவே.

பொன்மலை அத்தோடு அடங்கவில்லை. 1946 செப்டம்பர் 5 அன்று சங்கத்திடலில் கூடியிருந்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான கே. அனந்தன் நம்பியார் அதே ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். எந்தத் தொகுதியிலிருந்து என்பதுதான் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது: ரயில்வே தொழிற்சங்கத் தொகுதி. ஊர், வட்டம் என்று எல்லை எதுவும் இல்லாமல் ரயில்வே தொழிலாளருக்கென்றே ஒரு தொகுதி அன்று இருந்தது. சங்கத்துக்காரர் சங்கத்துக்காரராகவே சட்டமன்றத்துக்குப் போனார். பின்னர் அவர் மாயூரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் நாடாளுமன்றத்துக்கும் போனார்.

இன்னும் பின்னால் போனால் நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்கே வந்து சேர்கிறோம். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வோடு போராட்டம் வென்றது. மார்ச் 12-இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். தூத்துக்குடியில் வேலையை நிறுத்தியவர்கள் மில் தொழிலாளர்கள் மட்டும் அல்ல. நாவிதர்கள், சலவைத் தொழிலாளர்கள், இவர்களோடு குதிரைவண்டிக்காரர்களும். அவர்களுக்கென்று பதிவு செய்த சங்கம் கிடையாது. தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கே 1926 ஆயிற்று. கூலியை ஏற்றிக் கேட்டும் அவர்கள் நிற்கவில்லை. தலைவர்களைப் பிடித்துப் போனதற்காக வண்டியை அவிழ்த்துவிட்டார்கள். இந்த ஜில்லாவில் போக்குவரத்துத் தொழிலாளி அரசியலுக்குள் காலெடுத்து வைத்த இடமாக நான் கொள்வது இதைத்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. பிரிட்டனில் 1922-இல் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கங்களை இணைத்துப் பெரிய சங்கமாக்கிய எர்னஸ்ட் பெவின் 1945-இல் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். பம்பாய் டாக்சி டிரைவர்களைத் திரட்டிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் 1967-இல் காங்கிரசின் எஸ்.கே. பாட்டீலைத் தெற்கு பம்பாயில் தோற்கடித்தார். 1974 மே மாதம் நாடு முழுக்க நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்துக்கும் அவரே தலைமை. கட்டபொம்மன் கழகத்துக்கு அப்போது ஐந்து மாத வயதுகூட ஆகவில்லை.

இத்தனையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது திசை மாற்றம். 1908-லும் 1928-லும் 1946-லும் தொழிலாளர்கள் திரண்டார்கள். அந்தத் திரட்சி இயக்கங்களை வளர்த்தது, தலைவர்களை உண்டாக்கியது. 1970-க்குப் பின் கட்சிகள் முதலில் நின்றன. சங்கங்களை அவை உண்டாக்கின. ஒரு கட்சி உடைந்தால் டிப்போவில் ஒரு சங்கம் கூடியது.

இதில் ஆதாயம் இருக்கவே செய்தது. முத்தரப்பு ஒப்பந்தம் என்று ஊழியர்கள் சொல்லும், தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவுப்படியான சம்பள ஒப்பந்தம், 1998 செப்டம்பரிலிருந்து வந்த ஓய்வூதியத் திட்டம், இவையெல்லாம் சங்கங்கள் பேசிப் பெற்றவை. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் குரோம்பேட்டைப் பயிற்சி மையத்தில் மந்திரிக்கு எதிரே உட்காரும் சங்கத் தலைவர்களைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பார்க்கலாம். தொ.மு.ச.வின் செ. குப்புசாமி வடசென்னை எம்.பி.யாக இருந்தார். சி.ஐ.டி.யு.வின் அ. சவுந்தரராசன் 2011-இல் பெரம்பூர் எம்.எல்.ஏ. ஆனார். 2019 ஜூலையில் தொ.மு.ச.வின் மு. சண்முகமும் கலிங்கப்பட்டி வைகோவும் ஒரே தேர்தலில் மாநிலங்களவைக்குப் போனார்கள்.

அரசியலின் கசப்பையும் தொழிலாளிதான் முதலில் குடித்தார். 1997-இல் விருதுநகரில் புதிய கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைத் தி.மு.க. அரசு வைத்தது. ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் எதிர்ப்புக் கிளம்பி, அது சாதிக் கலவரமாக மூண்டது. பஸ்கள் மீது கல் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரும் டிக்கெட் பையோடு நின்றவரும் எந்தச் சாதி, எந்தச் சங்கம் என்று பார்த்தா அந்தக் கல் வந்தது? அரசு கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயரையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயரையும் அந்த ஜூலையில் ஒரேயடியாக எடுத்துவிட்டது. கட்டபொம்மன் போனது இப்படித்தான். ஒரு பெயரைக் காப்பாற்ற முடியாமல் எல்லாப் பெயரையும் அழித்ததை இன்றும் என்னால் தீர்வாக ஏற்க முடியவில்லை.

2001 நவம்பரில் போனஸ் பிரச்சினை. 20 சதவீதம் வாங்கிவந்த தொழிலாளர்களுக்கு, சட்டப்படி குறைந்த அளவான 8.33 சதவீதம் என்று அ.தி.மு.க. அரசு சொன்னதும் பஸ்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றன. 2003 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கிய அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 1,70,000 பேர் எஸ்மா சட்டத்தில் வேலை இழந்தார்கள். சி.ஐ.டி.யு. தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில்தான், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 6 அன்று சொன்னது.

சங்கரன்கோவிலே பஸ் அரசியலின் களமானதும் உண்டு. 2011 நவம்பரில் வெளியூர் சாதாரண பஸ் கட்டணம் கிலோமீட்டருக்கு 28 காசிலிருந்து 42 காசானது. நான்கு மாதம் கழித்து, 2012 மார்ச் 18 அன்று, இங்கே இடைத்தேர்தல். எதிர்க்கட்சி மேடைகளில் கட்டண உயர்வு முழங்கியது. அ.தி.மு.க.வின் முத்துச்செல்வி 68,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். உயர்த்திய கட்டணத்தைக் கேட்டு வாங்கி, பயணிகளிடம் ஏச்சு வாங்கிய கண்டக்டரின் கோபமும் தேர்தல் கணக்கில் ஏறவில்லை.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டவை இரண்டு ஜனவரிகள். 2018 ஜனவரி 4 மாலை தொடங்கி எட்டு நாள், பொங்கல் நெருக்கத்தில், பஸ்கள் நின்றன. சம்பளத்தை 2.57 மடங்காக்கக் கேட்டார்கள், அரசு 2.44 என்றது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனை நடுவராக வைத்த பின்பே பஸ் ஓடியது. அன்று ஆட்சியில் அ.தி.மு.க. தொ.மு.ச.வும் சி.ஐ.டி.யு.வும் வெளியே, அண்ணா தொழிற்சங்கம் டூட்டியில். 2024 ஜனவரி 9 அன்று மறுபடி வேலைநிறுத்தம். ஆட்சியில் அப்போது தி.மு.க. அண்ணா தொழிற்சங்கம் வெளியே, தொ.மு.ச. டூட்டியில். இரண்டு முறையும் வெளியே நின்றது சி.ஐ.டி.யு. 2024-இல் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படி. 2015-லிருந்து உயராமல் கிடந்தது அது. இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் காத்திருந்தவர்கள் அவர்கள். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்துத் தோளும் இடுப்பும் தேய்ந்துபோனவருக்குச் சேர வேண்டிய பணம், எந்தக் கொடி ஆட்சியில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சங்கங்களால் உரக்கக் கேட்கப்படும் என்றால், அது அவருக்குச் செய்யும் அநீதி.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21-லிருந்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1926-ன் தொழிற்சங்கச் சட்டமும், 12(3)-க்குத் தாயான 1947-ன் தொழில் தகராறு சட்டமும், 1961-ன் மோட்டார் தொழிலாளர் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 51 சதவீத ஊழியர்களின் ஆதரவு உள்ள சங்கமே நிர்வாகத்தோடு தனியாகப் பேசலாம். அப்படி ஒரு சங்கம் இல்லையென்றால், 20 சதவீதமாவது ஆதரவு காட்டும் சங்கங்கள் ஒரே பேச்சுவார்த்தைக் குழுவாக உட்கார வேண்டும். இத்தனை நிறமாகப் பிரிந்து கிடக்கும் டிப்போக்களில் 51 சதவீதத்தைத் தனியாகத் தொடுவது எந்தச் சங்கத்துக்கும் எளிதல்ல. 2018-இலும் 2024-இலும் பிரிந்து நின்ற தொ.மு.ச.வும் அண்ணா தொழிற்சங்கமும் சி.ஐ.டி.யு.வும் ஒரே பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து, ஓய்வுபெற்றவரின் அகவிலைப்படியிலிருந்து காலிப் பணியிடம் வரை ஒரே பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். 20 சதவீதத்தை எட்டாத சின்னச் சங்கங்களின் உறுப்பினர்கள் யாரிடம் போய் மெமோவைக் காட்டுவார்கள் என்பது டிப்போ வாசலில் இனிமேல் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.