இயன்ற மட்டும்

பள்ளிவாசலில் நாற்காலியிட்டுத் தொழும் முதியவர்களை இளமையில் நாமும் பார்த்திருக்கிறோம். அந்த நாற்காலி ஒருநாள் நமக்கும் வந்து சேரும் என்று எண்ணியதில்லை.

திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்தில் அலுவல் பார்த்து வந்தோம். நாள்தோறும் போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர் ரயில் பயணம். ஐந்து இருப்புப் பாதைகள் வந்து கூடும் விழுப்புரம் சந்திப்பின் மேம்பாலப் படிகளில்தான், 2021ஆம் ஆண்டு, வலது முழங்கால் முதன்முதலாக முரண்டு பிடித்தது. ஓராண்டு கழிவதற்குள் ஸஜ்தாவிலிருந்து எழ, பக்கத்திலிருப்பவர் தோளைப் பற்ற வேண்டியதாயிற்று. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, மூட்டுத் தேய்மானம் என்றார். நாற்காலி வந்தது. அன்றைய தொழுகையில் நம் நெஞ்சம் இறைவன்பால் நின்றதாகச் சொல்ல இயலாது. முன்வரிசையில் நின்ற பேரன் திரும்பிப் பார்க்கிறானா என்பதிலேயே அது நின்றது.

"பாய், யோகா செய்து பாருங்களேன்" என்றார், உடன் பயணம் செய்யும் நண்பர். நமக்கோ இரண்டு தயக்கங்கள். கால் மடங்குமா என்பது ஒன்று. மார்க்கம் இடந்தருமா என்பது மற்றொன்று.

இரண்டாவதற்கு விடை தேடினோம். பதினோராம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்பீரூனி, பதஞ்சலியின் யோக நூலை அரபி மொழியில் பெயர்த்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் குவாலியரைச் சார்ந்த ஸூஃபி ஞானி முஹம்மது கௌஸ், ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் விளக்கி, 'பஹ்ருல் ஹயாத்' என்னும் பாரசீக நூலை யாத்திருக்கிறார். இந்தோனேசிய உலமாக்கள் பேரவை 2009ஆம் ஆண்டில், மந்திர உச்சாடனமும் வழிபாடும் கலந்த யோகாவை விலக்கி, வெறும் உடற்பயிற்சியாகச் செய்வதற்கு இடந்தந்தது. எல்லை எது என்பது தெளிவாயிற்று, மனம் அமைதியுற்றது.

முழங்காலோ அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. முதலில் சேர்ந்த வகுப்பில் எல்லாருக்கும் ஒரே பாடம். இளைஞர்களுக்கு இணையாக நாமும் வஜ்ராசனத்தில் அமர முனைந்தோம். வலிக்கிறது என்று வாய் திறக்க வெட்கம் தடுத்தது. மூன்றாம் நாள் மூட்டு வீங்கிவிட்டது. ஒரு வாரம் அலுவலகம் செல்ல இயலவில்லை. குற்றம் ஆசிரியரிடத்தில் பாதி என்றால், நம் வீம்பினிடத்தில் மறுபாதி.

பின்னர் விழுப்புரத்தில், யோகாவும் இயற்கை மருத்துவமும் முறையாகப் பயின்ற ஓர் இளம்பெண் மருத்துவரை அணுகினோம். முதற்கேள்வியே, "எதையெல்லாம் செய்ய முடியவில்லை, அய்யா?" என்பதுதான். சொல்லி முடித்ததும், கையில்லா நாற்காலியொன்றைச் சுவரோரம் போட்டு, "இதிலிருந்து தொடங்குவோம்" என்றார். எதைக் கண்டு வெட்கினோமோ, அதுவே நமக்கு முதல் ஆசனமாயிற்று!

நம் முகம் சுருங்கியதை அவர் கண்டிருக்க வேண்டும். பி.கே.எஸ். அய்யங்காரைப் பற்றிச் சொன்னார். 1918ஆம் ஆண்டு கர்நாடகத்துப் பெல்லூரில் பிறந்து, நோயோடே வளர்ந்த பிள்ளை அவர். யோகாசனத்தை உலகெங்கும் பரப்பியபோது, தளர்ந்த உடலுக்கும் அது எட்டவேண்டுமெனப் பட்டை, மரக்கட்டை, நாற்காலி முதலியவற்றைத் துணைக்கருவிகளாகக் கையாண்டார்.

நமக்கு வாய்த்த பாடங்கள் எளியவை. நாற்காலியில் அமர்ந்தபடி காலை மெல்ல நீட்டித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குதல். படுத்துக்கொண்டு முழங்காலின் கீழே சுருட்டி வைத்த துண்டை அழுத்துதல். நாற்காலியின் முதுகைப் பற்றியவாறு தாடாசனத்தில் நிற்றல். மந்திரம் ஏதுமில்லை, மூச்சை எண்ணினால் போதும். வஜ்ராசனமும் பத்மாசனமும் நமக்கு விலக்கு. செய்த பயிற்சியின் வலி மறுநாளும் நீடித்தால், அளவைக் குறைக்க வேண்டும். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது. ஆனால், தொடைத் தசை வலுத்தால் மூட்டின் சுமையில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்ளும் என்றும் விளக்கினார்.

ஒருநாள் ஸுபுஹுக்குப் பின் பயிற்சி செய்கையில், பலமுறை கேட்ட ஒரு செய்தி புதிதாக நெஞ்சில் தைத்தது. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகையைப் பற்றி வினவியபோது, நிற்க இயன்றால் நின்றும், இயலாவிடில் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தொழுகையிலேயே அந்தச் சலுகை அருளப்பட்டிருக்க, உடற்பயிற்சியில் நம்மை நாமே வருத்திக்கொள்ள நமக்கு என்ன உரிமை? நாற்காலி நம் தோல்வியின் சின்னமன்று. நமக்கு வழங்கப்பட்ட இரக்கத்தின் அடையாளம்.

இரண்டாண்டுகள் கடந்தன. மேம்பாலப் படிகளைக் கைப்பிடியைப் பற்றி ஏறிவிடுகிறோம். தரையிலிருந்து எழ இப்போது பிறர் தோள் தேவையில்லை. ஆயினும் ஸஜ்தாவுக்கு மூட்டு முழுவதும் மடங்குவதில்லை, நாற்காலியில்தான் தொழுகிறோம். பேரன் திரும்பிப் பார்க்கிறானா என்று இப்போது பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் பயிற்சியைச் சில மாதங்கள் வாசற்படியில் நின்று கவனித்த மனைவி, ஒருநாள் மெல்லச் சொன்னார்: "எனக்கும் நாலு வருஷமா முழங்கால் வலிதாங்க." ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் நாம் அறிந்திலோம். அடுக்களை வேலைக்கு இடையே அதைச் சொல்ல அவருக்கு நேரமும் வாய்க்கவில்லை; கேட்க நமக்கும் தோன்றவில்லை. அவரையும் அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டுச் சுவரோரம் இரண்டு நாற்காலிகள் கிடக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ்.