ஒன்றரைச் சுற்று

கொட்டிலில் ஆறாண்டுகள் உறை மூடிக் கிடந்த பிரீமியர் பத்மினியைச் சென்ற ஆடியில் விற்றுவிடத் துணிந்தோம். மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சியே 2023 அக்டோபரோடு ஓடி முடித்துவிட்டது. ஒழுகினசேரியில் ஒரு வண்டி எதற்காகக் காத்திருக்க வேண்டும்? விலை பேசிய திருவனந்தபுரத்துச் சேகரிப்பாளர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: நின்ற இடத்தில் எஞ்சின் அணையாமல் ஓடவேண்டும்.

அப்பாவிடம் கேட்கவில்லை. வண்டி அவருடையது. ஆனால் பக்கவாதத்தில் பேச்சு நின்றபின் அவரிடம் எதையும் கேட்கிற வழக்கம் வீட்டில் மெல்ல அற்றுப்போயிருந்தது.

வடசேரியிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணாச்சி கார்புரேட்டரைக் கழற்றி, பிசினாகிக் கிடந்த பழைய பெட்ரோலைக் கழுவியெடுத்து மாட்டிக் கொடுத்தார். ஐடிலிங் வைப்பதற்குள் வேறோர் அழைப்பு வந்துவிட்டது. "சாரே, ஏர் ஸ்க்ரூவை முழுசும் அடச்சிட்டு ஒண்ணரைச் சுத்து எளக்கி விடுங்கோ. பலமா முறுக்கப்பிடாது, முனை செத்துப்போவும். பொறவு காது சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏர் ஸ்க்ரூ என்பது பட்டறைப் பெயர். நம் போன்ற இலக்கண வாத்தியார்களுக்குப் பொறுக்காத பெயர். இவ்வண்டியில் அது அடைப்பது வெறுங்காற்றை அன்று, காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை. கார்புரேட்டரின் நடுவே காற்று ஓர் ஒடுங்கிய மிடற்றினூடே விரைகிறது. அவ்விரைவில் அழுத்தம் குறைந்து பெட்ரோல் மேலேறி வந்து கலக்கிறது. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாதபோது வாயில் தகடு ஏறத்தாழ மூடிக்கொள்ளும். மிடற்றில் விரைவில்லை, அவ்வழியே பெட்ரோலும் வராது. அப்போது எஞ்சின் உயிர்வாழ்வது தகட்டுக்குக் கீழேயுள்ள ஓர் ஊசித்துளையால். அத்துளையின் வாயைக் காப்பது இத்திருகு. உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறையும், வெளியே இளக்கினால் கூடும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு. இன்றைய வண்டிகளில் அதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. தொல்காப்பியப் பிறப்பியலை, உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று எழுத்தாவதை, இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். மிடறு இத்தனை சிக்கலானது என்று அன்றுதான் தோன்றியது.

நிற்க. எஞ்சினைச் சூடேற்றி, சோக்கை உள்ளே தள்ளி, ஒன்றரைச் சுற்று வைத்தோம். வண்டி இருமியது. உள்ளே முறுக்கினோம், நடுங்கி அணைந்தது. வெளியே இளக்கினோம், கரும்புகையும் பெட்ரோல் நெடியும். காது ஒன்றும் சொல்லவில்லை. தென்னைகளை உலுக்கிய ஆரல்வாய்மொழிக் காற்றின் இரைச்சலில் எதுவும் பிடிபடவுமில்லை. நான்காம் முறை அணைந்தபோது படிப்புரையில் ஊன்றுகோல் தட்டும் ஒலி கேட்டது.

அப்பா இடக்கையை உயர்த்தி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் திருகிக்கொண்டிருந்தார். வெளியே.

வண்டியை மறுபடி எழுப்பிக் கால் சுற்று இளக்கினோம். விரல்கள் நின்றன. பிறகு உள்ளே, ஒரு மயிரிழை. எஞ்சின் வேகம் ஏறியது. உள்ளங்கையைத் தாழ்த்தி அமர்த்தச் சொன்னார். வேகத் திருகைத் தளர்த்தினோம். மீண்டும் கலவைத் திருகு, மீண்டும் வேகத் திருகு. ஒன்றைத் தொட்டால் மற்றது குலையும். மாறி மாறித்தான் வைக்கவேண்டும். நாம் அவசரப்பட்டபோது ஊன்றுகோலால் தரையை ஓங்கித் தட்டினார். பள்ளி நாட்களில் கணக்குத் தவறினால் மேசையைத் தட்டுவாரே, அதே தட்டு. கால்மணி நேரம் சென்றிருக்கும். இருமல் அடங்கி எஞ்சின் ஒரே சீராய் ஓடத் தொடங்கியது. அப்பா கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாண்டுகளில் அவருடன் இத்தனை நேரம் நாம் பேசியதில்லை.

அடுத்த ஞாயிறன்று சேகரிப்பாளர் வந்தார். எஞ்சினைக் கேட்டு முகம் மலர்ந்தார். விலையை யாரிடம் முடிப்பது என்றார். படிப்புரையைக் காட்டினோம்.