வாடையைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள்

அச்சரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டி இருக்கிறது அந்த கார் ஏசி பட்டறை. உள்ளே கேஸ் அளக்கும் மீட்டர் உண்டு, வேக்யூம் பம்பு உண்டு. ஆனால், "ஏசி நாறுது" என்று ஒரு வண்டி வந்து நின்றால் மெக்கானிக் இரண்டையும் தொடுவதில்லை. கண்ணாடிகளை ஏற்றச் சொல்லி, ஏசியைப் போடச் சொல்லி, முன்சீட்டில் உட்கார்ந்து காற்று வரும் துவாரத்தருகே முகத்தைக் கொண்டுபோகிறார். பிறகு கேள்விகள் தொடங்குகின்றன. "போட்ட உடனே வாடை வருதா சார், ஓட ஓட வருதா? மேட் ஈரமாகுதா? வண்டி எங்க நிக்கும், மரத்தடியிலயா?"

அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் டாக்ஸி ஓட்டுநர்கள். மேல்மருவத்தூருக்கும் புதுச்சேரிக்கும் சவாரி போகிறவர்கள். நாறும் வண்டியில் குடும்பத்தோடு ஏறுகிறவர் அடுத்த முறை கூப்பிடமாட்டார் என்பதால் அவர்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. வந்ததும் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "கேஸ் போட்டுடுங்கண்ணே." மெக்கானிக் தலையை ஆட்டி மறுக்கிறார். "கேஸ் குறைஞ்சா குளிர்ச்சி குறையும். நாத்தம் அதால வராது."

அவர் சொல்வது சரி. இன்று ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ வாயுவுக்கு ஏறக்குறைய மணமே கிடையாது. தேவையில்லாமல் அதைக் காற்றில் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவது காசுக்கும் கேடு, பூமிக்கும் கேடு. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது.

குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால், நம் கண்ணில் படாத ஒரு பெட்டிக்குள் கூலிங் காயில் இருக்கிறது. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்துக் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்று குளிர்ந்த காயிலில் பட்டதும் அதிலுள்ள ஈரம் நீராகி வழியும். அந்த நீர் ஒரு சின்னக் குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்டிவிட வேண்டும். குழாயில் மண் அடைத்தால் நீர் பெட்டிக்குள்ளேயே தேங்குகிறது. தூசியும் ஈரமும் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற அந்த வாடை, ஏசி போட்ட முதல் நிமிடத்தில் குப்பென்று அடித்துப் பிறகு தணியும். "வண்டிக்கடியில தண்ணி சொட்டுதேன்னு பயந்துட்டு வராங்க சார். புழுக்கமான நாள்ல சொட்டலேன்னாத்தான் என்கிட்ட வரணும்."

நான் பார்த்த வேலை ஒரு டாக்ஸியில் நடந்தது. உதவியாளர் தம்பி கிளவ் பாக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டரை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டியது கறுத்துப்போயிருந்தது. மடிப்புகளில் வேப்பிலைச் சருகு, நூல், முடி. பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயைத் தேடிப் பிடித்து மென்மையான கம்பியை விட்டுக் குடைந்தார். கலங்கலான நீர் அவர் முழங்கை வழியே ஓடியது. நுரை மருந்தைக் காயில் பக்கம் செலுத்தி ஊறவிட்டார்கள். அது கரைந்து கறுப்பாக வடிந்தது. புது ஃபில்டர் போட்டு, ஏசி இல்லாமல் ஃபேனை மட்டும் ஓடவிட்டுக் காயிலைக் காயவைத்தார்கள். டேஷ்போர்டை இறக்கிக் காயிலை வெளியே எடுப்பதை மெக்கானிக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறார். கேஸை எடுக்க வேண்டும், நாள் முழுக்கப் போகும், ஒரு கிளிப் உடைந்தாலும் பிறகு வண்டி கடகடக்கும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களைப் போன்றவற்றுக்கு அதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. காயில் பெட்டிக்குள் புகுந்த சேறு நுரைக்கு அசையாது.

எல்லா வாடையும் பூஞ்சணம் அல்ல. இனிப்பான வாடையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்தால் ஹீட்டர் காயிலில் கூலன்ட் கசிகிறது. பிணவாடை என்றால் எலி. கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் இடத்திலோ ப்ளோயருக்குள்ளோ செத்துக் கிடக்கும். வெளிக்காற்றை உள்ளே விடும்போது மட்டும் புகை வாடை அடித்தால் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். இதை மெக்கானிக் சிரிக்காமல் சொன்னார். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பயணிகள் கோயிலுக்குள் போயிருக்கும்போது ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கும் ஓட்டுநர்களை நினைத்துத்தான் அந்த எச்சரிக்கை.

எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தம்பியின் விரல்களில் காயிலின் அலுமினியத் தகடுகள் கிழித்த கோடுகள் இருந்தன. எலி மூத்திரம் பட்ட குப்பையை வெறுங்கையால் அள்ளுகிறார். எலிக்காய்ச்சல் வரும் வழி அது. மூடிய காருக்குள் மருந்து நெடியைச் சுவாசிக்கிறார். கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் ஆகும் செலவு ஒரு வாசனைப் புட்டியின் விலைகூட வராது.

இன்னொன்று, வாடையின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. மாற்றிய பொருளுக்குத்தான் பில். "அடைப்பு எடுத்ததுக்கு இவ்வளவா?" என்று ஓட்டுநர் பேரம் பேசியதைப் பக்கத்திலேயே நின்று கேட்டேன். அடைப்பு எங்கே என்று தெரிந்துகொள்ள எத்தனை வருடம் ஆகியிருக்கும்? கண்டுபிடித்தவருக்குக் கூலி கிடைக்காத ஊரில், தேவையில்லாத கேஸை நிரப்பிக் காசு வாங்குகிறவர்தான் நிலைப்பார்.

ஆகவே கார் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வீடு சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றுங்கள். அப்படியும் நாறினால் வாசனைப் புட்டியைத் தொங்கவிடாதீர்கள். வாடை எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதை மெக்கானிக்கிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், எந்தப் பொருளையும் மாற்றாவிட்டாலும், அந்த வேலைக்கு உரிய பணத்தைக் கொடுங்கள்.