உச்சியில் யார் நிற்பது?

ஒரு சின்ன வேலை சொல்றேன், செஞ்சு பாருங்க. "ஈ"ன்னு சொல்லிக்கிட்டே குரலை மேலே மேலே ஏத்துங்க. ஒரு கட்டத்துக்கு மேல வாய் தானா அகலும்; "ஈ" மெல்ல "ஆ" பக்கம் சாயும். இது உங்க குரலோட குறை இல்லை, இயற்பியல். ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் வாய்க்குள்ளே ஒரு ரெசொனன்ஸ் உண்டு. "ஈ"க்கு அது சுமார் 300 ஹெர்ட்ஸ். பாடும் சுரம் அதைத் தாண்டிவிட்டால் குரலின் பலம் குறையும். வாயைத் திறந்தால் பலம் திரும்பும், ஆனால் எழுத்து மாறிவிடும்.

ஓபரா பாடகிகளின் சிக்கலும் இதுதான். மைக் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்க வேண்டும். மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' (1791) ஓபராவில் இரவின் ராணி தொடும் உச்சி சுமார் 1,400 ஹெர்ட்ஸ். அங்கே எந்தச் சொல்லும் பிழைக்காது. மொஸார்ட்டும் அந்த இடத்தில் புதுச் சொல் எதுவும் வைக்கவில்லை, ஓர் உயிரெழுத்தை ஓட விட்டுவிட்டார். எட்டா மோசர் பாடியதைக் கேளுங்க. 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் ஏறிப்போன பதிவு அது. ஒவ்வொரு சுரமும் ஊசிமுனை மாதிரி சுத்தம். டயானா டாம்ராவ் பாடும்போது அதே சுரங்கள் கோபமாகத் தெறிக்கும். ஆனா ரெண்டு பேருமே உச்சியைத் தொட்டதும் விட்டுடுவாங்க. இசையே அப்படித்தான் எழுதியிருக்கு.

கே.பி. சுந்தராம்பாள் நிற்பார். நாடக மேடையில் வளர்ந்த குரல். 'திருவிளையாடல்' (1965) படத்தில் அவர் ஔவையார். அவரோட உச்சி ராணியின் உச்சியைவிட ரொம்பக் கீழேதான். ஆனா கோபித்துக்கொண்டு போன முருகனிடம் பேசியாகணுமே, சொல் உடையக் கூடாது. முழுக்குரலில் ஏறி, சொல்லையும் கூடவே தூக்கிக்கிட்டுப் போய் நிற்கிறார்.

மூணாவது வழி எங்க ஊர்ப் பக்கம் இருக்கு. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் கச்சிராயபாளையம். அதுக்குப் பக்கத்து கிராமத்தில் என் பெரியப்பா முப்பது வருஷமா தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுறார். கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டிக்கிட்டு, விடிய விடிய ஆடிக்கிட்டே பாடணும். வரி உச்சிக்குப் போனதும் பின்பாட்டுக்காரங்க அதை வாங்கிக்குவாங்க. அந்த இடைவெளியில் இவர் ஒரு சுத்து சுத்தி மூச்சு பிடிச்சுப்பார்.

இந்த வருஷம் அவருக்கு 60. இப்போ மேல் சுரத்தை அவர் தொடுறதே இல்லை, பின்பாட்டுக்கே விட்டுடுறார். "குரல் போச்சு"ன்னு கூட்டத்தில் யாரோ சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஒரு சுரம் கீழேயே நின்று கையை வீசுறார், பின்னாலிருந்து உச்சி எழும்புது. பார்க்கிறவங்களுக்கு அது துரியோதனன் குரல்தான். கவலை வேற: பின்பாட்டு பாடும் ரெண்டு பேரும் அவரைவிட மூத்தவங்க.

"நீ வந்து நில்லுடா"ன்னு போன மாசம் கேட்டார். மோசரின் குரலுக்கு ஒரு தங்கத்தட்டு போதும். கூத்தோட உச்சிக்கு ஓர் ஆள் வேணும். ஞாயித்துக்கிழமைகளில் போய் நிக்கிறேன். "ஈ" இன்னும் "ஆ"வாத்தான் வருது. "முதல்ல சொல்லு கேக்கட்டும், சுருதி அப்புறம் ஏறும்"கிறார் பெரியப்பா.

பங்குனியில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து. வந்து கேளுங்க.