தொட்டியின் அடியில் கிடந்த கல்

மீன் தொட்டியில் மீனை மாற்றுவது சுலபம். தண்ணீரை மாற்றுவது அதைவிடச் சுலபம். அடியில் கிடக்கும் கல்லை மாற்றுவதுதான் வம்பு பிடித்த வேலை. பல வருடம் ஓடின தொட்டியில் அது வெறும் கல்லாக இருப்பதில்லை.

எங்கள் தொட்டி 3 அடி நீளம், 15 அங்குல அகலம். 140 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். உள்ளே இருப்பது இரண்டே கோல்டு பிஷ். பெரியதற்கு வயது 11. என் மனைவி அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருக்கிறாள். காலையில் அவள் காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்தால் அது கண்ணாடி ஓரமாக வந்து நிற்கும். நான் போனால் வராது.

கோல்டு பிஷ்ஷுக்கு வயிறு என்று தனியாகக் கிடையாது. பல் இருக்கிறது, ஆனால் தொண்டையில். தரையில் கிடப்பதை வாயில் அள்ளி, தின்ன முடிந்ததை விழுங்கி, மற்றதைத் துப்புவது அதன் பிறவிப் பழக்கம். நாங்கள் போட்டிருந்ததோ பட்டாணி அளவுக் கல். ஒரு நாள் சாயங்காலம் ராசாத்தி வாயைத் திறந்தபடியே நிற்கிறது, மூட முடியவில்லை. கல் மாட்டிக்கொண்டுவிட்டது. கையை நன்றாக நனைத்துக்கொண்டு நான் மீனைப் பிடிக்க, தாடைக்குக் கீழே விரலால் மெல்ல முன்பக்கமாகத் தள்ளி மனைவி அதை வெளியே எடுத்தாள். அரை நிமிஷ வேலைதான். அவள் கை நடுக்கம் நிற்கத்தான் நேரமாயிற்று. அன்றே முடிவு செய்தோம், கல் போக வேண்டும், மணல் வர வேண்டும்.

கொளத்தூரில் மீன் கடைத் தெருவில் விசாரித்தேன். கடைத் தம்பி சொன்னது இது: "சார், மீனை ஒரு பக்கெட்ல போடுங்க, எல்லாத்தையும் கொட்டிக் கழுவுங்க, மணலைப் போட்டுப் புதுத் தண்ணி விடுங்க. அரை நாள் வேலை." பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். எங்கள் தொட்டியில் அப்படிச் செய்திருந்தால் ஒரே வாரத்தில் இரண்டு மீனும் போயிருக்கும் என்பது என் கணிப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் பாதகமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். நம் வயலில் சாணத்தையும் யூரியாவையும் பயிருக்கு உணவாக்குவதும் இதே ஜாதி பாக்டீரியாதான். வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி 1890-இல் இவற்றை மண்ணிலிருந்து பிரித்துக் காட்டினார். இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழும். பழைய தண்ணீரைப் பத்திரப்படுத்தினால் போதும் என்று பலர் நினைப்பது இதனால்தான் சரியில்லை. பழைய தண்ணீரால் உள்ள லாபம் வேறு, மீனுக்குப் பழகின சூடும் உப்புத்தன்மையும் மாறாது.

எங்கள் தொட்டியில் இன்னொரு சிக்கல். அது அண்டர்கிராவல் பில்டர் வைத்த பழைய பாணித் தொட்டி. அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் கல். ஏர் பம்ப்பின் குமிழி குழாய் வழியாக மேலே ஏறும்போது தண்ணீர் கல்லுக்குள் புகுந்து கீழே இழுபடும். ஆக, கல்தான் பில்டர். கல்லை எடுப்பது என்றால் பில்டரையே பிடுங்கி எறிவது. பகுதி பகுதியாக வாரத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாமே என்றால், தட்டு வெளியே தெரிந்த இடத்தில் தண்ணீர் சுலபமான வழி பார்த்துப் போய்விடும், மீதிக் கல்லுக்குள் போகாது. மணலை அந்தத் தட்டின்மேலேயே போடவும் முடியாது, துளை அடைத்துக்கொள்ளும்.

எனவே முதலில் புது பில்டர் தயாராக வேண்டும். இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் பில்டர் வாங்கி அதே தொட்டியில் ஓடவிட்டேன். ஆறு வாரம் வேறு எதையும் தொடவில்லை. ஸ்பாஞ்சில் பாக்டீரியா குடியேற அவ்வளவு அவகாசம் கொடுப்பது நல்லது. மனைவிதான் பொறுமை இழந்தாள். "ஏங்க, இதுக்குள்ள இன்னொரு கல் மாட்டிக்கிச்சுன்னா?" என்று தினம் கேட்பாள். அந்த ஆறு வாரமும் தீனியைத் தரையில் விழவிடாமல் கையாலேயே ஊட்டினாள்.

மணலுக்கு அலைச்சல் அதிகம். எம்-சாண்ட் உடைத்த கருங்கல், முனை கூர்மையாக இருக்கும், மீன் வாய்க்கு ஆகாது. கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும், தண்ணீரைக் கடினமாக்கும். ஆற்று மணல் இன்று தங்க விலை. நல்ல வேளையாக, வீடு கட்டி முடித்த உறவினர் ஒருவர் வீட்டில் இரண்டு மூட்டை மீந்து கிடந்தது. ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை அங்குலம் பரப்ப 13 லிட்டர், எடையில் சுமார் 21 கிலோ. அரிசி களைவதுபோல் களைந்தேன். கழுநீர் நிறம் போய்த் தண்ணீர் தெளிய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

வேலையைப் பிப்ரவரியில் வைத்துக்கொண்டது தெரிந்தே செய்தது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதோடு எங்கள் போர் தண்ணீரின் பிஎச் 8. பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அம்மோனியாவின் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு. மே மாதத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

அன்று காலை தொட்டித் தண்ணீரையே பெரிய டப்பில் பிடித்து, மீனையும் இரண்டு ஸ்பாஞ்ச் பில்டரையும் அதற்கு மாற்றினோம். பம்ப் நிற்கவே இல்லை. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பம்ப்பும் பக்கத்தில் இருந்தது. கல்லைக் கிளறும்போது மீன் உள்ளே இருக்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். பெரிய பாறை இருந்த மூலையில், நீரோட்டம் போகாத இடத்தில், கல் கருத்துப்போய் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. ஹைட்ரஜன் சல்பைடு. ஹால் முழுக்க அந்த நாற்றம், பக்கத்து வீட்டு அம்மா வந்து "கேஸ் லீக்கா சார்?" என்று கேட்டார்.

கல்லில் நன்றாக இருந்த இரண்டு கிலோவை மட்டும், கழுவாமல், வெங்காயம் வரும் வலைப்பையில் கட்டி வைத்துக்கொண்டேன். மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டில் விழும்படி தண்ணீர் விட்டோம். அப்படியும் கலங்கல்தான். புதிதாகச் சேர்த்த தண்ணீருக்கு ஹைப்போ போட்டேன். போட்டோ கழுவிய காலத்தில் நாம் டார்க் ரூமில் பார்த்த அதே உப்பு, குளோரினை முறிக்கும். வலைப்பையை ஸ்பாஞ்ச் பக்கத்தில் தொங்கவிட்டு, மாலை 4 மணிக்கு மீன்களை விட்டோம்.

அடுத்த இரண்டு நாள் தீனி கிடையாது. வீட்டில் எனக்கும் சரியாகச் சாப்பாடு கிடைக்கவில்லை என்றே சொல்லலாம். தினமும் காலையில் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை என்றால் இருக்கிறது. மூன்றாம் நாள் லேசாகப் பச்சை. கால் பங்கு தண்ணீர் மாற்றினேன். ஐந்தாம் நாளும் அப்படியே. ராசாத்தி அடியில் ஒதுங்கி நின்றது, மனைவி அன்று டிவியே போடவில்லை. எட்டாம் நாள் மஞ்சள், அப்புறம் மாறவில்லை.

பத்தாவது நாளோ என்னவோ, ராசாத்தி மணலை வாய் நிறைய அள்ளிச் செவுள் வழியாக வழியவிடுவதைப் பார்த்தோம். அதையே வேலையாகச் செய்கிறது இப்போது. செடிகளையும் பிடுங்கிப் போடுகிறது, அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. வலைப்பையை எட்டாவது வாரம் எடுத்தேன். பழைய கல் மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு அடியில் போயிற்று.