மூவுலகமும் ஒரு தீவும்

கிச்சனர் சாலையில், பெரிய அங்காடிக் கட்டடம் ஒன்றன் அருகே, ஒரு பழைய வாசல் நிற்கின்றது. வாசல் மட்டுமே நிற்கின்றது. அதன் இருபுறமும் மதில் இல்லை. நெற்றியில் 'நியூ வேர்ல்ட்' என்னும் பெயர் விளங்குகின்றது. தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுப் பேரனுடன் அவ்வழியே நடந்து வந்த முதியவர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்றுவிட்டார்.

"இது எதுக்கு வாசல், தாத்தா? சுத்தி வந்தாலும் உள்ளே போயிடலாமே!" என்றான் பேரன்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. கூறுவதாயின் எங்கிருந்து தொடங்குவது?

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் மூவுலகம் இருந்தது. புராணம் கூறும் மூவுலகம் அன்று. காசு கொடுத்து நுழையும் மூவுலகம். 1923-இல் ஓங் சகோதரர்கள் ஜாலான் புசார் பக்கத்தில் 'நியூ வேர்ல்ட்' என்ற புது உலகத்தைத் தொடங்கினர். 1931-இல் கிம் செங் சாலையில் 'கிரேட் வேர்ல்ட்' என்ற பேருலகம் எழுந்தது. 1937-இல் கேலாங் பகுதியில் 'ஹேப்பி வேர்ல்ட்' என்ற மகிழ்ச்சி உலகம் பிறந்தது. மூன்றிலும் திரைப்படக் கொட்டகை உண்டு. நாடக மேடை உண்டு. ஆடலரங்கு, இராட்டினம், தின்பண்டக் கடை எல்லாம் உண்டு. பட்டியலை மட்டும் படிப்பவர்க்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் மாலையில் புறப்பட்டுச் சென்ற மக்கள் ஒன்றை மற்றொன்றாக ஒருநாளும் மயங்கியதில்லை.

புது உலகத்தின் குணம் கலப்பு. சிராங்கூன் சாலையின் தமிழரும், ஜாலான் புசாரின் சீனரும், மலாய்க்காரரும் நடந்தே வந்து சேரும் இடத்தில் அது அமைந்திருந்தது. ஒருபுறம் சீனக் கூத்து முழங்கும். மறுபுறம் மலாய்ப் பங்சவான் நாடகம் நடக்கும். பங்சவானின் பிறப்பே ஒரு கலப்பு என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளலாம். பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாய்க் கலைஞர்கள் வளர்த்துக்கொண்ட கலை அது. முதியவரின் தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தீபாவளி மாலையில் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு இவ்வாசலுக்குள் நுழைவார். நுழைவதற்குச் சில காசுகள். அவ்வளவே அவரால் இயலும். உள்ளே ஒவ்வொரு வேடிக்கைக்கும் தனிச் சீட்டு வேண்டும். எதற்கும் சீட்டு வாங்காமல், எல்லாவற்றிற்கும் வெளியே நின்று, இசையையும் ஒளியையும் கைதட்டலையும் இருவரும் வயிறார உண்டு திரும்புவர். 'ஏன் நிற்கிறாய்?' என்று அவரை எவரும் கேட்டதில்லை. அந்தக் கேளாமையைத்தான் முதியவர் இன்றும் மறக்கவில்லை.

பேருலகம் குடும்பத்தார்க்கும் குழந்தைகட்கும் உரியதாகப் பெயர் பெற்றது. பேய் இரயில் என்று ஒன்று அங்கே ஓடிற்று. அஞ்சுவதற்கென்றே பிள்ளைகள் அடம்பிடித்து ஏறுவர். மகிழ்ச்சி உலகத்திற்கு அடையாளம் அதன் கூரையிட்ட விளையாட்டரங்கம். கிங்காங் போன்ற மல்லர்கள் அங்கே மோதினர். புது உலகமும் பேருலகமும் பின்னர் ஷா சகோதரர் கைக்கு வந்தன. முதலாளி ஒருவராயினும் இரண்டின் குணமும் ஒன்றாகிவிடவில்லை. மகிழ்ச்சி உலகமோ 1960-களில் 'கே வேர்ல்ட்' எனப் பெயர் மாறிற்று. பெயர்ப்பலகை மாறியதே தவிர, மற்போர் காண வந்தவர் மாறவில்லை. ஓர் இடத்தின் இயல்பை உரிமைப் பத்திரமும் பெயர்ப்பலகையும் தீர்மானிப்பதில்லை போலும். அங்கே கூடுவோரே தீர்மானிக்கின்றனர்.

இதற்கு மாறாக, ஒரு வணிகப் பெயருக்காகவே எழுந்தது போன்ற பூங்காவும் இவ்வூரில் உண்டு. இரங்கூனில் பிறந்த ஆவ் பூன் ஹாவ் என்பவர் 'டைகர் பாம்' தைலத்தால் பெருஞ்செல்வர் ஆனவர். 1937-இல் பாசிர் பாஞ்சாங் குன்றின்மேல் தம் தம்பிக்காக ஒரு மாளிகையும், அதனைச் சூழ்ந்து சிலைத் தோட்டமும் அமைத்தார். ஹாவ் பார் வில்லா என்பது சகோதரர் இருவரின் பெயரே: ஹாவ் புலி, பார் சிறுத்தை. தைலக் குப்பியில் இருந்த புலியே தோட்டத்திலும் அமர்ந்தது. விளம்பரந்தான், ஐயமில்லை, ஆனால் நுழைவுக் கட்டணம் இல்லாத விளம்பரம். முதியவர் தந்தையான பின்னர் தம் மக்களைப் பேருந்தில் அழைத்துச் சென்றது அங்கேதான். பத்து நரக மன்றங்களைக் கண்டு பிள்ளைகள் நடுங்கினர். அங்கே தீர்ப்புக் கூறும் சீன மன்னருள் ஒருவனாகிய யன்லுவோ, பௌத்தத்தின் வழியே சீனம் புகுந்த நம் எமனேயாவான். "எமதர்மனுக்குச் சீனமும் தெரியும், எந்த மொழியிலும் பொய் சொல்ல முடியாது" என்று அவர் கூறிய விளக்கத்தை அவர் மக்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பர்.

1990-இல் அத்தோட்டத்திற்குப் புதுக்கோலம் புனைந்து, 'டிராகன் வேர்ல்ட்' என்று பெயர் சேர்த்து, கட்டணமும் வைத்தனர். மக்கள் வரத்துக் குறைந்தது. பிற்காலத்தில் கட்டணம் நீங்கி, தோட்டம் மறுபடியும் பொதுவாயிற்று. 2021-இல் நரகத்தை மட்டும் அருங்காட்சியகமாக்கிச் சீட்டு வைத்தனர். மற்றவை இலவசம், நரகத்திற்கு மட்டும் காசு என்பது சிந்திக்கத் தக்க ஏற்பாடுதான்!

விடுதலை பெற்ற நாட்டில் அரசும் பூங்கா அமைக்கலாயிற்று. ஜூரோங் பறவைப் பூங்கா 1971-இல் திறக்கப்பட்டது. அதனை எண்ணியவர் டாக்டர் கோ கெங் சுவீ. மிருகங்கட்கு இறைச்சி வாங்குவதினும் பறவைகட்குத் தீனி வாங்குவது மலிவு என அவர் கணக்கிட்டதாகக் கூறுவர். நகைப்பிற்குரிய கணக்கன்று அது. ஆலைகள் நிறைந்த ஜூரோங்கில் தொழிலாளர் குடும்பங்கட்கு ஒரு விடுமுறை நாள் வேண்டும் என்ற கணக்கும் அதனுள் இருந்தது. 1973-இல் மண்டாயில் விலங்குத் தோட்டம் தோன்றியது. கம்பிக் கூண்டுகளை இயன்றவரை நீக்கி, அகழிகளை இடையே வைத்தது அதன் தனிச்சிறப்பு. பறவைப் பூங்கா 2023 சனவரியில் மூடப்பட்டது. பறவைகள் மண்டாய்க்குக் குடிபெயர்ந்தன.

இனி, அந்தத் தீவு. பிரிட்டிஷ் படை தங்கியிருந்த அதன் பழம்பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. சாவை நினைவூட்டும் அப்பெயர் உல்லாசத்திற்கு உதவாது என்றே 1972-இல் செந்தோசா ஆக்கினர். அமைதி எனப் பொருள்படும் அம்மலாய்ச் சொல்லின் வேர் வடமொழிச் சந்தோஷம். தமிழர் செவிக்கு அது அயற்பெயரே அன்று. 2010-இல் அங்கே யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வந்தது. ஹாலிவுட் திரைப்படங்களின் உலகை வகுத்துக் காட்டும் அப்பூங்கா திறமையாக அமைந்தது, ஐயமில்லை. பள்ளி விடுமுறையில் முதியவரின் மகன் எல்லோரையும் அழைத்துச் சென்றான். நால்வர்க்கு வாங்கிய சீட்டின் விலை, 1970-இல் முதியவர் பெற்ற ஒரு மாத ஊதியத்தினும் மிகுதி. வாயிலைக் கடந்தால் உள்ளே எல்லா வேடிக்கையும் பொதுவே. வாயிலைக் கடப்பதுதான் அரிது. அன்று முதியவர் ஓர் ஊர்தியிலும் ஏறவில்லை. நிழலில் அமர்ந்து பைகளைக் காத்தார். "காசு வீணாப்போச்சேப்பா" என்று மகனிடம் இருமுறை சொன்னார். மகன் முகம் வாடியதைக் கண்டு மூன்றாம் முறை சொல்லவில்லை.

புது உலகம் 1987-இல் மூடப்பட்டது. பேருலகத்தின் வேடிக்கைகள் 1964-இலேயே ஓய்ந்தன. அவ்விடத்து அங்காடி பழைய பெயரை வைத்துக்கொண்டது; கிச்சனர் சாலை அங்காடியோ பெயரை விட்டுவிட்டு வாசலை அருகே வைத்துக்கொண்டது.

அந்த ஞாயிறு மாலை, வாசலருகே தமிழகத்திலிருந்து வந்த இளந்தொழிலாளர் சிலர் அமர்ந்திருந்தனர். ஒருவர் கைப்பேசியில் ஊரிலுள்ள தம் குழந்தைக்கு அவ்வாசலைக் காட்டிக்கொண்டிருந்தார். பேரன் மீண்டும் கையைப் பிடித்து இழுத்தான்.

"உள்ளே என்னதான் இருந்துச்சு, தாத்தா?"

முதியவர் காய்கறிப் பையைக் கீழே வைத்தார். "உட்காரு, சொல்றேன். மொதல்ல மேளச் சத்தம் கேக்கும்…" என்று தொடங்கினார். கைப்பேசிக்காரர் சற்று நகர்ந்து இருவர்க்கும் இடம் கொடுத்தார்.