இடது விலாவின் கீழே

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன 1934-35 கொள்ளைநோயின்போதும் குளிரும் உயரமும் நுவரெலியாவைப் பெரும்பாலும் காத்தன. அதனால், மலேரியா நம் மலைக்குரிய நோயல்ல என்ற எண்ணம் இங்குள்ள வைத்தியர்களிடம் இயல்பாகவே ஊறிவிட்டது. ஆனால் மலேரியா மண்ணீரலைக் கிழிக்கும் ஆபத்து, அந்த நோயையே அறியாத உடம்புக்குத்தான் கூடுதல். மலேரியா இல்லாத ஊர் என்பதே நாம் விழிப்பாயிருக்க வேண்டியதற்குக் காரணம்.

திரும்பத் திரும்ப மலேரியா கண்டவரின் மண்ணீரல் பல ஆண்டுகளில் மெல்லப் பெருத்து, நார் பாய்ந்து, உறை தடித்துவிடும். முதன்முறை தொற்றியவருக்கோ சில நாட்களிலேயே அது வீங்குகிறது. கிருமி புகுந்த சிவப்பணுக்களை வடிகட்டும் வேலை திடீரென்று பெருக, மெல்லிய உறை இழுபட்டு, அதன் அடியில் இரத்தம் கட்டுகிறது. அதன்பின் ஓர் இருமலோ வாந்தியோ போதும், உறை கிழிய. இப்படி மண்ணீரல் கிழிந்ததாகப் பதிவான நோயாளிகளில் பலருக்கு இருந்தது, சாதுவானதென்று நாம் கருதும் வைவாக்ஸ் வகை மலேரியா. மருந்து தொடங்கி, காய்ச்சல் விட்ட பின்னரும் இது நேர்ந்திருக்கிறது.

அரிதான ஒன்றுக்காக எல்லோரையும் சந்தேகிப்பதா, டெங்குவுக்கே கட்டில் போதவில்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் குழப்பம் நேர்வதே அங்குதான். இரண்டு நோயிலும் பிளேட்லெட் குறைகிறது. வயிறு வலித்து இரத்த அழுத்தம் இறங்கினால் டெங்குவின் நீர்க்கசிவு என்று சேலைன் ஏற்றுவோம்; உள்ளே மண்ணீரலிலிருந்து இரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கலாம். இடது விலாவின் கீழ் வலி, அதோடு இடது தோள் நுனியிலும் வலி என்றால் உடனே ஸ்கேன் வேண்டும். கையை மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தித் தடவுவதே கிழிசலுக்குக் காரணமாகலாம். இரத்தக் கசிவு நின்று நோயாளி நிலையாக இருந்தால் கத்தியின்றியே காக்கலாம். மண்ணீரலை எடுத்துவிட்டால் நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் முதல் மலேரியா வரை வாழ்நாள் முழுதும் அச்சம்தான்.

இன்னொரு தயக்கம் கனமானது. நோய் வெளிநாட்டிலிருந்து வரக்கூடும் என்பதால், இந்தியா போய்வந்தீர்களா என்று தேயிலைத் தோட்டத்து மக்களைக் கேட்பது, நோயைக் கொண்டுவருவோர் என்ற பழைய முத்திரையை மறுபடி குத்துவதாகாதா? அவர்களை மட்டும் கேட்டால் ஆகும்தான். இந்தியாவுடனான 1964 ஒப்பந்தத்தால் கடல் கடந்த உறவினரைப் பார்க்கத் தமிழ்நாடு போகிறவரும், புத்தகயா யாத்திரை போகிறவரும், ஆப்பிரிக்காவுக்கு இரத்தினக்கல் வாங்கப் போகிறவரும் ஒரே கேள்விக்குரியவர்கள். காய்ச்சலோடு வரும் எவரையும், கடந்த ஓராண்டில் எங்கே பயணம் போனீர்கள் என்று கேட்க வேண்டும். வைவாக்ஸ் ஈரலில் பதுங்கிப் பல மாதம் கழித்தும் எழும். ஆகவே சென்ற மாதப் பயணத்தை மட்டும் விசாரித்தால் போதாது. சந்தேகம் எழுந்தால் அன்றைக்கே இரத்தப் பூச்சு பார்த்தாக வேண்டும்.

குணமான பின்னும் நம் கடமை முடிவதில்லை. தோட்டத் தொழிலாளிக்கு, காய்ச்சல் விட்டதும் மலைக்கு வேலைக்குப் போனால்தான் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, விழும். கொழுந்து மூட்டை தூக்கிச் சரிவில் ஏறும் உடம்புக்கு வீங்கிய மண்ணீரல் பெரும் ஆபத்து. மண்ணீரல் சுருங்கும்வரை பாரம் தூக்கலாகாது என்று துண்டில் தெளிவாக எழுதிக் கொடுப்பதும், அதைத் தோட்ட நிர்வாகம் ஏற்கும்படி வாதாடுவதும் சிகிச்சையின் பகுதியே. ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டு, கூலியைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அந்த ஓய்வு நடக்காது.